ஒரு சாக்கு பலாக்கொட்டையும் இரண்டு நாள் கெடுவும்

போன வருடம் வைகாசிக் கடைசியில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போயிருந்தேன். பலாப்பழ அல்வா செய்கிறார்கள், ஐஸ்கிரீம் கடைகளுக்குப் பழக்கூழும் அரைத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு வேண்டியது ஒரு கிலோ அல்வாதான். ஆனால் வண்டியை நிறுத்தப் பின்பக்கம் போனபோது, சுவரோரம் முழங்கால் உயரத்துக்குப் பலாக்கொட்டை குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டேன். மேலே கிடந்தவை புதுசு, வழவழவென்று மின்னின. கொஞ்சம் கிளறிப் பார்த்தால் அடியில் கிடந்தவை சூடாக இருந்தன, கையை வைத்தால் சட்டென்று தெரிகிற சூடு, கூடவே ஒரு புளித்த வாடை, சிலவற்றில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "இதை என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "வாரத்துக்கு ஒருதடவை டிராக்டர் வச்சு அள்ளிக் கொட்டுறோம் சார், அதுக்கும் கூலி அழ வேண்டியிருக்கு. வேணும்னா அள்ளிக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்" என்றார் பட்டறைக்காரர்.

புண்ணியம் சும்மா கிடைக்கும்போது விடுவானேன்? அவரிடமே ஒரு சாக்கை வாங்கி, மேலாக இருந்த புதுக் கொட்டையாகப் பார்த்து அள்ளி, ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு கடலூர் வந்து சேர்ந்தேன். எடைபோட்டால் 22 கிலோ. என் மனைவி சாக்கைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "அல்வா எங்கங்க?" என்றாள். அல்வாவை வாங்க மறந்திருந்தேன்.

பலாக்கொட்டை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயோடு நாலு பலாக்கொட்டை விழவில்லை என்றால் அம்மாவுக்கு அது குழம்பே இல்லை. முருங்கைக்கீரையோடு போட்டுப் பொரியல் செய்வோம், சாம்பாரில் போடுவோம். பாட்டி இருந்த காலத்தில் விறகடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டுத் தருவாள். ஒரு கீறல் போட்டுத்தான் புதைக்க வேண்டும், இல்லையென்றால் படாரென்று வெடித்து முகத்தில் சாம்பல் அடிக்கும். ஆனால் இதெல்லாம் ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி சங்கதி. 22 கிலோவைக் கருவாட்டுக் குழம்பில் கரைக்க முடியாது. மாவாக்கி வைத்துக்கொண்டால் முறுக்கு, தட்டை, உருண்டை என்று பிள்ளைகளுக்குச் செய்யலாமே, கடையில் வாங்குகிற பாக்கெட் தீனிக்கு அது தேவலாம் என்பதுதான் அப்போது என் திட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக உட்கார்ந்து உரிக்கலாம் என்று சாக்கின் வாயைக் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். ஞாயிறு காலையில் சாக்கைப் பிரித்தபோது அடித்த வாடையில் பூனை எழுந்து ஓடியது. நடுவில் இருந்த கொட்டைகளெல்லாம் வேர்த்து, கொழகொழத்து, பாதிக்குப் பாதி பூசணம். பொறுக்கி எடுத்ததில் 9 கிலோ வெளியே போனது. இரண்டே நாள்.

நாம் பழகிய விதைகள் எல்லாம் நெல், உளுந்து, கொள்ளு மாதிரியானவை. காய்ந்தால் தூங்கும், மூட்டையில் கட்டி ஒரு வருடம் போட்டு வைக்கலாம், தண்ணீர் பட்டால் எழுந்திருக்கும். பலாக்கொட்டைக்கு அந்தத் தூக்கம் கிடையாது. அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். காய்ந்தால் முளைப்புத்திறன் செத்துப் போகும், ஈரம் இருந்தால் உடனே முளைக்கப் பார்க்கும், சில பழங்களில் வெளியே வருவதற்கு முன்பே சுளைக்குள்ளேயே முளைவிட்டிருக்கும். உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிற ஒரு பொருளை நூறு கிலோ கணக்கில் குவித்து வைத்தால் அந்த மூச்சிலேயே குவியல் சூடாகும், மேலே ஒட்டியிருக்கிற பழச் சர்க்கரையில் கிருமிகள் கூத்தடிக்கும். பட்டறைக் குவியலின் அடியில் நான் தொட்டுப் பார்த்த சூடு அதுதான். நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கழுவி, செம்மண் புரட்டி, நிழலில் உலர்த்தி, மணலில் புதைத்து வைத்தார்கள். அதுவும் வீட்டுத் தேவைக்கான அளவுதான்.

சரி, இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பழக்கொட்டையை மாவாக்குவதைப் பற்றி இணையத்தில் படிக்கும் எல்லாமே ஒரே மாதிரி தொடங்குகின்றன: டன் கணக்கில் வீணாகிறது, அதில் இவ்வளவு புரதம் இருக்கிறது, ஆகவே மாவாக்குங்கள் என்று. ஏன் வீணாகிறது என்று யாரும் கேட்பதில்லை. யாருக்கும் அருமை தெரியாததால் வீணாகிறது என்று நானும் நினைத்திருந்தேன். அருமை தெரியாமலில்லை, கெடு போதவில்லை. கொட்டை ஒரே இடத்தில் சேர்வதற்குள் கெட்டுப்போகிறது, சேர்ந்த இடத்தில் அதைவிட வேகமாகக் கெட்டுப்போகிறது.

சேர்வதே பெரும்பாடு. சென்னை கும்பகோணம் சாலையில் பண்ருட்டி வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், சீசனில் சாலை ஓரம் முழுக்கப் பழமாக அடுக்கி வைத்து, பக்கத்திலேயே சுளை உரித்துப் பையில் போட்டு விற்பார்கள். கொட்டையோடுதான் விற்பார்கள். அந்தக் கொட்டை காரில் ஏறி, தாம்பரத்திலோ அண்ணா நகரிலோ ஒரு குப்பைக் கூடையில் எட்டெட்டாகப் பத்துப்பத்தாக விழுகிறது. முழுப் பழமாக லாரி ஏறிப் போவதும் அப்படித்தான். கூழ், அல்வா, ஜாம், சிப்ஸ் என்று சுளையிலிருந்து கொட்டையைப் பிரித்து எடுக்கிற தொழில் நடக்கும் இடத்தில் மட்டும்தான் குவியலாகக் கிடைக்கும். நான் எங்கள் தெருவில் ஒரு வாளியை வைத்து "பலாக்கொட்டை இதில் போடவும்" என்று எழுதி ஒட்டிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் 600 கிராம் கொட்டை, நிறைய வாழைப்பழத் தோல், ஒரு பேட்டரி.

மிச்சமிருந்த 13 கிலோவுக்கு வருகிறேன். பலாக்கொட்டைக்கு இரண்டு தோல். மேலே வெள்ளையாக, பிளாஸ்டிக் காகிதம் மாதிரி ஒன்று. அது கொஞ்சம் உலர்ந்தால் நகத்தாலேயே உரிந்துவிடும். அதற்குள்ளே பருப்போடு ஒட்டிய பழுப்புத் தோல், அது லேசில் விடாது. தொழிற்சாலை அளவில் காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கி அந்தத் தோலைக் கரைத்துக் கழுவுகிறார்கள். வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். முதல் தடவை எல்லாவற்றையும் குக்கரில் போட்டு வேகவைத்தேன், வெந்த கொட்டையைச் சாக்குத் துணியில் வைத்துத் தேய்த்தால் தோல் கழன்றது. துண்டு போட்டு, மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காய வைத்தேன். ஆனி மாத வெயில் காலையில் நன்றாகத்தான் இருந்தது. மூன்று மணிக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வந்துவிடும். நாலு நாளும் மாடிக்கு ஓடி ஓடி அள்ளியதில் என் மூட்டுவலி எனக்கே அறிமுகமானது. ஒரு ராத்திரி முழுக்கப் படுக்கையறையில் ஃபேனுக்குக் கீழே பலாக்கொட்டை தூங்கியது, நாங்கள் கூடத்தில்.

அடுத்தது மில். எங்கள் பக்கத்து மாவு மில் அண்ணனிடம் தூக்கைக் கொண்டுபோய் நீட்டினேன். திறந்து பார்த்து, மோந்து பார்த்து, "இது என்னா, மூலிகையா?" என்றார். சொன்னேன். அரிசி மிஷினில் போட மாட்டேன் என்று விட்டார். அடுத்து வருகிறவர்களின் இடியாப்ப மாவில் வாடை ஏறிவிடுமாம், நியாயம்தான். "மிளகாய் மிஷின்ல வேணா போட்டுத் தரேன்." போட்டார். இரண்டு கிலோ அரைபட்டதும் மிஷின் முனகி நின்றது. திறந்து பார்த்தால் நடுவில் ஈரம் இருந்த துண்டுகள் பசை மாதிரி அப்பிக்கொண்டிருந்தன. நாலு நாள் காய்ந்தும் உள்ளே காயவில்லை, ஏனென்றால் நான் துண்டு போட்ட லட்சணம் அப்படி, சுண்டுவிரல் தடிமன். அண்ணன் என்னைத் திட்டவில்லை, அதுதான் கூடுதல் வலி. வீட்டுக்கு வந்து மாவை எடுத்து நாக்கில் வைத்தேன். மிளகாய்க் காரம் ஜிவ்வென்று ஏறியது.

இரண்டாவது முறை கொஞ்சம் புத்தி வந்திருந்தது. பட்டறைக்காரரிடம் என் நம்பரைக் கொடுத்து, கூழ் எடுக்கிற அன்றைக்குக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டார். அன்று மதியமே போய் 15 கிலோ அள்ளி வந்து, மூன்று தண்ணீரில் கழுவி, குவிக்காமல் ஓலைப்பாயில் பரப்பினோம். வெள்ளைத் தோலை மட்டும் உரித்தோம். பழுப்புத் தோலை அப்படியே விட்டுவிட்டேன், அதிலும் நார்ச்சத்துதானே, கொஞ்சம் துவர்ப்பு இருக்கும், மாவு கேழ்வரகு மாதிரி மங்கலாக வரும், வந்தால் வரட்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, வாழைக்காய் சிப்ஸ் சீவுகிற கட்டையில் மெலிசாகச் சீவினோம். அம்மா, மனைவி, நான், எதிர்வீட்டு அக்கா என்று நாலு பேர் ராத்திரி பதினொன்று வரைக்கும். அந்த மெலிசுக்கு இரண்டு நல்ல வெயில் போதும். காய்ந்ததற்கு அடையாளம் கை சொல்லும்: துண்டை வளைத்தால் வளையவே கூடாது, டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் மில்லுக்குப் போகாதீர்கள், என் பெயரைச் சொல்லியும் போகாதீர்கள்.

15 கிலோவுக்கு 5 கிலோவுக்குச் சற்று மேலே மாவு கிடைத்தது. மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கிடைத்த மாவில் ஏறத்தாழ பத்திலிருந்து பதின்மூன்று விழுக்காடு புரதம் இருக்கும், கொழுப்பு ஒரு விழுக்காடு அளவில்தான், மீதி பெரும்பகுதி மாவுச்சத்து. அரிசி மாவோடு ஒப்பிட்டால் புரதமும் நாரும் கூடுதல். கடலை மாவோடு ஒப்பிட்டால் புரதம் குறைவு. இவ்வளவுதான் உண்மை. இதற்கு மேல் பாக்கெட்டில் எழுதியிருந்தால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

குறிப்பாக அந்தச் சர்க்கரை விஷயம். பலாக்கொட்டை மாவு சுகரைக் குறைக்கும் என்று எனக்கே மூன்று பேர் வாட்ஸ்அப் அனுப்பினார்கள். தேடிப் பார்த்தால் அது வேறு மாவு. ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியில் 40 சர்க்கரை நோயாளிகளை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. அதில் ஒரு பிரிவுக்குத் தினம் 30 கிராம் அரிசி அல்லது கோதுமை மாவுக்குப் பதிலாகப் பலாக்காய் மாவு கொடுத்தார்கள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு குறைந்தது. பலாக்காய், அதாவது பழுக்காத காயின் மாவு. மைக்ரோசாஃப்ட் வேலையை விட்டுவிட்டு வந்த ஜேம்ஸ் ஜோசப் கேரளத்தில் பிரபலப்படுத்தியதும் அந்தக் காய் மாவைத்தான். கொட்டை மாவுக்கு அந்தப் பெருமையைத் தூக்கிக் கொடுப்பது, தம்பி வாங்கிய மெடலை அண்ணன் மாட்டிக்கொண்டு திரிகிற மாதிரி.

இப்போது முறுக்கு. முதல் தடவை வேகவைத்துக் காயவைத்த மாவு இருந்ததே, அந்த மிளகாய் வாடை மாவு, காரம்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதில் முறுக்கு சுட்டேன். அரிசி மாவும் கொட்டை மாவும் சரிபாதி. தண்ணீரை ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது மாவு. ஏற்கெனவே வெந்த மாவுச்சத்து அப்படித்தான், கஞ்சி போட்ட மாதிரி தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பிழிந்து எண்ணெயில் போட்டால் வெளியே கறுக்கிறது, உள்ளே ஈரம் போகவில்லை, ஆறியதும் கல். என் மகன் ஒன்றைக் கடித்துவிட்டு "அப்பா, இதைக் கிரிக்கெட் ஸ்டம்ப்புக்கு வச்சுக்கலாமா" என்று கேட்டான்.

பச்சையாகக் காயவைத்து அரைத்த மாவில் அந்தத் தொல்லை இல்லை. மூன்று கப் அரிசி மாவு, ஒரு கப் கொட்டை மாவு, அரைக் கப் பொட்டுக்கடலை மாவு, வெண்ணெய், ஓமம், எள், பெருங்காயம், உப்பு. கொட்டை மாவை மட்டும் முதலில் வாணலியில் பச்சை வாசனை போகும்வரை வறுத்துக்கொள்ள வேண்டும். இந்த அளவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, முந்திரி போட்டாயா என்றுகூட மாமனார் கேட்டார். கொட்டை மாவைக் கூட்டினால் கடினம் கூடும், சீக்கிரம் சிவக்கும், அதனால் தீயைக் குறைத்தே வைக்க வேண்டும். சப்பாத்திக்கும் கால் பங்குக்கு மேல் போட வேண்டாம். கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் இதில் துளியும் கிடையாது, தேய்த்தால் ஓரம் பிளந்து இந்திய வரைபடமாகிவிடும்.

ஆனால் முறுக்கை ஆரோக்கியத் தின்பண்டம் என்று நான் கூப்பிட மாட்டேன். எதில் பிழிந்தாலும் முறுக்கு எண்ணெய் குடிக்கிற முறுக்குதான். எங்கள் வீட்டில் உண்மையிலேயே தேறியது உருண்டை. பொரிவிளங்காய் உருண்டை செய்கிற அதே கைப்பக்குவம். கொட்டை மாவைச் சிறு தீயில் இருபது நிமிடம் போல, கை ஓயக் கிளறி, நிறம் மாறிப் பக்கத்து வீடுவரை வாசனை போகும்வரை வறுக்க வேண்டும். வறுத்துப் பொடித்த வேர்க்கடலை பாதியளவு, ஏலக்காய், கருப்பட்டிப் பாகு, இரண்டு கரண்டி நெய். சூட்டோடு பிடிக்க வேண்டும், கை பொத்துப் போகும். அந்த வறுபட்ட வாசனையில் ஒரு கோகோ சாயல் வரும். என் கற்பனை இல்லை இது: பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்து ஆட்கள் பலாக்கொட்டையைப் புளிக்கவைத்து வறுத்துப் பார்த்ததில் சாக்லேட் மணம் தருகிற சேர்மங்கள் உருவாவதை 2017-இல் எழுதினார்கள், அடுத்த வருடம் அந்த மாவைக் கப்புச்சினோவில் கோகோவுக்குப் பதிலாகப் போட்டும் பார்த்தார்கள். அங்கேயும் பலா மரத்தடியில் கொட்டை குவிந்து வீணாகிறது என்பதுதான் தொடக்கம். நம் பக்கத்தில் பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பலாக்கொட்டை மாவில் பிஸ்கட் செய்திருக்கிறது. 2020 ஊரடங்கில் கேரளத்தில் ஊரே கூடிச் சக்கக்குரு ஷேக் குடித்தது நினைவிருக்கலாம், அதுவும் இதே கொட்டைதான், வேகவைத்துப் பாலில் அடித்தது.

வறுப்பதை நான் வலியுறுத்துவதற்கு ருசி மட்டும் காரணமில்லை. பச்சைக் கொட்டையில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கிற பொருட்கள் இருக்கின்றன, ஜாக்கலின் என்று பலாவின் பெயராலேயே அழைக்கப்படும் ஒரு புரதமும் இருக்கிறது, ரத்தத்திலிருந்து சில புரதங்களைப் பிரித்தெடுக்க ஆய்வுக்கூடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். சூடு பட்டால் இவை அடங்கிவிடும். எனவே பச்சை மாவை அப்படியே ஸ்மூத்தியில் கலக்கிக் குடிக்கும் வேலை வேண்டாம். சூடுபடுத்தினாலும் அடங்காத ஒன்று உண்டு, வாயு. பூண்டு, பெருங்காயம், ஓமம் எல்லாம் நம் சமையலில் பலாக்கொட்டையோடு சும்மா வந்து சேரவில்லை. உருண்டை ஒரு நாளைக்கு இரண்டு என்று எங்கள் வீட்டில் சட்டம், மீறியவர் கூடத்தில் தனியாகப் படுக்க வேண்டும்.

பூசணம் பற்றி மட்டும் விளையாட்டு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். முதல் சாக்கில் 9 கிலோவை ஒதுக்கினேன் என்றேனே, அப்போது அம்மா "கழுவி வெயில்ல போட்டா சரியாயிடும்டா, இம்புட்டையும் கொட்டறியே" என்றாள். கொஞ்சம் சபலம் எனக்கும் இருந்தது. ஆனால் பூசணம் விட்டுப்போகிற நஞ்சுகளில் அஃப்ளாடாக்சின் போன்றவை வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாகப் போகாது, அரைத்து மாவாக்கிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. மாங்கொட்டைப் பருப்பின் கதை இதற்குப் பயங்கரமான சாட்சி. ஒடிசாவின் மலைப்பகுதிகளில் மாங்கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்து, துவர்ப்பு போகத் தண்ணீரில் ஊறவைத்து, இடித்து மாவாக்கிக் கஞ்சி காய்ச்சுவது மழைக்கால வழக்கம். 2001-இல் ராயகடா மாவட்டம் காசிப்பூரில் அந்தக் கஞ்சி குடித்த பழங்குடி மக்கள் பலர் இறந்தார்கள். பூசணம் பிடித்த பருப்பால் வந்த சாவு என்று அரசு சொன்னது, பட்டினிச் சாவு என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு இரண்டும் ஒரே வாக்கியம்தான். வீட்டில் அரிசி இருந்தால் பூசணம் பிடித்ததை யார் காய்ச்சுவார்கள்? 2024-இல் கந்தமால் மாவட்டத்தில் மறுபடியும் நடந்தது. அதே மாங்கொட்டையின் கொழுப்பு கோகோ வெண்ணெயைப் போன்றது என்பதால், சாக்லேட்டில் சேர்க்க ஐரோப்பாவில் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் ஒன்றாக அது இருக்கிறது. கஞ்சியில் சாவு, சாக்லேட்டில் மரியாதை. கொட்டை ஒன்றுதான், உலர்த்துவதற்குக் கூரையும் கருவியும் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிற பழங்களின் கொட்டையையும் அரைக்கலாமா என்று கேட்டு எழுதியவர்களுக்கு: பேரீச்சங்கொட்டையை வறுத்துக் காப்பி மாதிரி குடிக்கிறார்கள், தர்பூசணி விதையை நாம் ஏற்கெனவே தின்கிறோம். புளியங்கொட்டையை வறுத்துக் கடித்த தலைமுறை இன்னும் இருக்கிறது, அதன் மாவு தறிக்குக் கஞ்சி போடவும் போகிறது. ஆனால் ஆப்பிள் விதை, ஆப்ரிகாட் எனப்படும் பாதாமி வகைக் கொட்டைப் பருப்பு இவற்றைத் தொடாதீர்கள். அவற்றில் சயனைடை வெளியிடுகிற பொருள் இருக்கிறது. இயற்கை என்ற சொல்லை நம்பி மிக்ஸியைப் போட்டுவிட வேண்டாம்.

ஒதுக்கிய 9 கிலோவில் பூசணம் இல்லாமல் முளை மட்டும் விட்டிருந்தவற்றைச் சித்தப்பா வாங்கிக்கொண்டு போனார். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கரை கடந்தபோது அவர் தோப்பில் தாத்தா காலத்துப் பலா மரங்கள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. கொட்டையிலிருந்து வளர்ந்த கன்று காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும், தாய் மரத்தின் ருசியே வரும் என்று உத்தரவாதமும் கிடையாது, ஒட்டுக்கன்று வாங்கி வையுங்கள் சித்தப்பா என்றேன். "எனக்கு எதுக்குடா அவசரம்" என்றார். அவருக்கு வயது 71.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொழிலாகச் செய்யலாமா என்று மனைவி ஒருநாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். கொட்டை இலவசம். ஆனால் நாலு பேர் உழைத்த ராத்திரிக்குக் கூலி போட்டால், பெட்ரோலும் மில் கூலியும் சேர்த்தால், கிலோ மாவு 300 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. அரிசி மாவு விலையை எழுதி அதன் பக்கத்தில் இதை எழுதிவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டாள். இணையத்தில் கால் கிலோ பாக்கெட்டின் விலையைப் பார்த்து முன்பு கொள்ளை என்று திட்டியிருக்கிறேன், இப்போது அந்தக் கோபம் இல்லை. இது வீட்டு மாடியில் நடக்கிற வேலையே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கூழ் எடுக்கிற பட்டறையிலேயே, கொட்டை பிரிகிற அதே மேசைக்குப் பக்கத்தில் ஒரு சீவுகிற மிஷினும் ஒரு சோலார் டிரையரும் இருந்தால், குவியல் என்ற ஒன்றே உருவாகாது. மழை வந்தாலும் கவலையில்லை. காய்ந்த வில்லையாக்கிவிட்டால் அப்புறம் மாதக்கணக்கில் தாங்கும், எந்த ஊருக்கும் போகும், எப்போது வேண்டுமானாலும் அரைக்கலாம். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னேன். டிரையர் என்ன விலை என்று கேட்டுக்கொண்டார், அதற்குமேல் பேசவில்லை.

ஆனால் இந்த வருடம் சீசன் தொடங்கியதும் அவரே கூப்பிட்டார். "சார், கொட்டைக்கு இப்ப ரெண்டு மூணு பேரு கேக்குறாங்க. கிலோ அஞ்சு ரூபா போட்டுக்கலாம்." புண்ணியத்துக்கு விலை வந்துவிட்டது. தருகிறேன் என்றேன், ஒரு நிபந்தனையோடு: அன்றன்றைக்கு எடுத்த கொட்டையைக் கழுவி, தரையில் பரப்பித்தான் வைக்க வேண்டும், சுவரோரம் குவித்தால் ஒரு ரூபாயும் கிடையாது. யோசித்துவிட்டு, கழுவுவதற்கு ஆள் கூலி ஒரு ரூபாய் கூடுதல் என்றார். ஆறு ரூபாய்க்கு முடிந்தது. நாளைக்குக் காலையில் கூழ் எடுக்கிறார்களாம். சீவுகிற கட்டையை எதிர்வீட்டு அக்கா வாங்கிக்கொண்டு போனது, இன்னும் திரும்பி வரவில்லை, போய்க் கேட்க வேண்டும்.